தமிழ் தெரியாத டைரக்டர்

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அப்பத்தாவிடம் எதைச் சொல்வதானாலும், பழக்கடைக்காரர் விலை கூவுகிற குரலில்தான் சொல்லியாக வேண்டும். தொண்ணூறு வயதாகிறது. காது இரண்டும் ஏறக்குறைய அடைத்துவிட்டன. காதில் வைத்துக்கொள்ளும் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "ஒரே இரைச்சல்" என்று சொல்லி, அதை வெற்றிலைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் 'மீரா' ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் குழந்தை தூங்கியதால் நான் சத்தத்தை அடியோடு குறைத்திருந்தேன். அப்பத்தாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எம். எஸ். சுப்புலக்ஷ்மி கையில் தம்பூராவோடு வந்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பத்தாவுக்கு எம். எஸ். வேற்று மனுஷி அல்ல. "நம்ம சண்முகவடிவு மகள்" என்றுதான் இன்றைக்கும் பேச்சு. வீணை சண்முகவடிவு குடியிருந்த அனுமந்தராயன் கோயில் தெருவுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 1945-ல் 'மீரா' வெளிவந்தபோது அப்பத்தாவுக்குப் பத்து வயது. தாயாரோடு போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளாம். எந்தக் கொட்டகை என்று கேட்டால் தெரியாது. இடைவேளையில் வாங்கிக் கொடுத்த முறுக்கு மாத்திரம் ஞாபகம் இருக்கிறது!

"இந்தப் படத்தை எடுத்தது யாருத்தா?" என்று கேட்டாள்.

"ஒரு அமெரிக்காக்காரர், அப்பத்தா. டங்கன்னு பேரு. அவருக்குத் தமிழே தெரியாது" என்று கூவினேன். குழந்தை எழுந்துவிட்டது.

அப்பத்தா நம்பவில்லை. "வெள்ளைக்காரனா? மீராவையா? அவனுக்கு இந்தப் பாட்டெல்லாம் என்னத்தா புரிஞ்சிருக்கும்?"

நியாயமான கேள்வி. குழந்தையை மடியில் போட்டுத் தட்டியபடியே நான் சொன்ன பதில் அரைகுறையாகப் போய்விட்டது. ஆகவே வாசகிகளிடம் சற்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லிஸ் ஆர். டங்கன் 1909-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில், பார்ட்டன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை படித்தார். அங்கே அவரோடு படித்தவர் மாணிக் லால் டாண்டன் என்ற பம்பாய்க்காரர். படிப்பு முடிந்ததும் டாண்டன் நண்பரையும் இந்தியாவுக்கு அழைத்து வந்தார். 1935-ம் வருஷம் அது. ஏதோ ஆறு மாதம் இருந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது டங்கனின் உத்தேசம். அந்த ஆறு மாதம் பதினைந்து வருஷமாக நீண்டுவிட்டது.

அந்தச் சமயம் டாண்டன் 'நந்தனா'ரைப் படமாக்கிக்கொண்டிருந்தார். நந்தனாராக நடிக்க ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்று ஊரெல்லாம் வாய் பிளந்த படம் அதுதான். டங்கன் நண்பருக்கு ஒத்தாசையாக நின்று வேலை செய்தார். பிறகு கோயமுத்தூர் மருதாசலம் செட்டியார் ஒரு படம் எடுக்க டாண்டனைத் தேடி வந்தார். தமக்கு ஒழிவில்லை என்று சொன்ன டாண்டன், "என் சிநேகிதரை வைத்து எடுங்கள்" என்று சிபாரிசு செய்தார். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத இருபத்தாறு வயது வாலிபரை நம்பிப் பணம் போட்ட செட்டியாரின் தைரியத்தை என்னவென்று சொல்வது!

அந்தப் படம்தான் 1936-ல் வந்த 'சதி லீலாவதி'. பத்திரிகைத் தொடர்கதை படிக்கும் நமக்கு அதில் ஒரு தனிச் சொந்தம் உண்டு. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, நண்பர்களோடு சேர்ந்து குடிக்கப் பழகுகிறான். போதையில் கொலையே செய்துவிட்டதாக எண்ணிப் பயந்து இலங்கைக்கு ஓடுகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை. இங்கே மனைவி குழந்தையோடு தவிக்கிறாள். சாமி படமும் ராஜா ராணி படமும் வரிசையாக வந்துகொண்டிருந்த நாளில், அடுத்த வீட்டில் நடப்பது போன்ற ஒரு கதை. எம். ஜி. ராமச்சந்திரன் திரையில் முதன் முதலாகத் தலை காட்டியது இதில்தான். கதாநாயகன் அவர் அல்ல, எம். கே. ராதா. எம். ஜி. ஆருக்குப் போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு சிறு வேஷம். என். எஸ். கிருஷ்ணனும் டி. எஸ். பாலையாவும் இதில் உண்டு. எத்தனை பெரிய மரங்களுக்கு இந்த ஒரு படம் நாற்றங்காலாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

சரி, தமிழ் தெரியாமல் எப்படித்தான் வேலை வாங்கினார்?

கதை வசனத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வார். இங்கிலீஷும் தமிழும் தெரிந்த உதவியாளர்கள் பக்கத்தில் நிற்பார்கள். நடிகர் வசனத்தைச் சரியாகச் சொன்னாரா, சொல் விழுங்கினாரா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. முகத்தையும் கண்ணையும் கையையும் பார்ப்பது டங்கனின் பொறுப்பு. பதினைந்து வருஷமும் இப்படியேதான் நடந்தது. தமிழ் பேச அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. இதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான். வேற்று பாஷை பேசும் ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் மருமகள் பதினைந்து மாதத்தில் மாமியாரோடு சண்டையே போடும் அளவுக்குத் தமிழ் கற்றுவிடுகிறாள். இவருக்குப் பதினைந்து வருஷம் போதவில்லையா?

ஆனால் அந்தக் குறையே ஒரு விதத்தில் அவருக்கு உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆரம்ப காலத்துப் பேசும் படங்கள் பெரும்பாலும் நாடக மேடையைத் தூக்கிக் காமிராவுக்கு முன்னால் வைத்தவைதாம். காமிரா, முதல் வரிசை டிக்கட் வாங்கிய மனுஷரைப் போல ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். நடிகர்கள் வரிசையாக வந்து நின்று பாடுவார்கள். காதுக்கு விருந்து, கண்ணுக்குப் பட்டினி. பாட்டின் அர்த்தமும் வசனத்தின் சுவையும் தெரிந்த டைரக்டர்கள், அவற்றைக் கேட்பதிலேயே திருப்தி அடைந்துவிட்டார்கள். டங்கனுக்கு அந்தத் திருப்திக்கு வழி இல்லை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்குப் படம். ஆகவே காமிராவை இடம் விட்டு இடம் நகர்த்தினார். முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். திரையில் அரிதாரம் அப்பியது போலத் தெரியாத புது மாதிரி ஒப்பனையைப் புகுத்தினார்.

1937-ல் பாகவதருக்கு இரண்டு படங்கள் பிரமாதமாக ஓடின. ஒன்று நம் மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள் எடுத்த 'சிந்தாமணி'. அதில் வந்த பணத்தில் சிந்தாமணி என்ற பெயரிலேயே இங்கே ஒரு கொட்டகை கட்டினார்கள். அந்தக் கொட்டகை இப்போது இல்லை. இன்னொன்று டங்கன் எடுத்த 'அம்பிகாபதி'. கம்பர் மகனுக்கும் சோழ ராஜகுமாரிக்கும் உள்ள காதல் கதை. வசனம் எழுதியவர் இளங்கோவன். டங்கன் அவரிடம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைக் கொடுத்து, "இதைப் படியுங்கள், இந்த மாதிரி வேண்டும்" என்றாராம். அமெரிக்காக்காரர் இங்கிலீஷ் நாடகத்தைக் காட்டி, கம்பர் வீட்டுக் கதைக்குத் தமிழ் வசனம் வாங்கியிருக்கிறார்! திரை வசனத்தில் இளங்கோவனுக்கு ஒரு தனி மரியாதை உண்டானது அதன் பிறகுதான்.

எல்லாமே வெற்றி என்று எண்ணிவிட வேண்டாம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையை 1940-ல் 'காளமேக'மாக நடிக்க வைத்தார். படம் எடுபடவில்லை. காளமேகத்தின் பெருமையெல்லாம் சிலேடையில் இருக்கிறது. பாஷை தெரியாதவர் சிலேடைக் கவியைப் படமாக்கப் போனால் வேறு என்ன ஆகும்? கண்ணால் பிடிக்க முடியாத விஷயமும் உலகத்தில் உண்டல்லவா?

அதே 1940-ல்தான் எம். எஸ். சுப்புலக்ஷ்மியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை' வந்தது. தயாரித்தவர் டி. சதாசிவம். அந்த வருஷமே அவருக்கும் எம். எஸ்ஸுக்கும் கல்யாணம் நடந்தது. படத்தை டைரக்ட் செய்த டங்கனிடம் சதாசிவத்துக்கு நம்பிக்கை விழுந்துவிட்டது. அடுத்தாற்போல் 'மீரா'வை எடுக்க நினைத்தபோதும் அவரையே தேடிப் போனார்.

இனி அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன்.

'மீரா' வேலை தொடங்குவதற்கு முன் டங்கன் ஒரு காரியம் செய்தார். எம். எஸ்ஸின் தலையையும் முகத்தையும் அச்சாக வைத்து, சாந்தில் ஒரு மார்பளவுச் சிலை செய்யச் சொன்னார். அந்தச் சிலையை வைத்துக்கொண்டு அவரும், காமிரா நிபுணர் ஜிதேன் பானர்ஜியும் வெளிச்சத்தோடு மல்லுக்கு நின்றார்கள். விளக்கை மேலே தூக்கிப் பார்ப்பது, பக்கவாட்டில் நகர்த்துவது, காமிராவைத் தாழ்த்துவது, உயர்த்துவது. எந்தக் கோணத்தில் அந்த நெற்றி எடுப்பாக இருக்கிறது, எந்த வெளிச்சத்தில் கன்னத்து நிழல் விகாரமாக விழுகிறது என்றெல்லாம் அந்தச் சாந்து முகத்தில் பரீட்சை செய்து பார்த்தார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோ விளக்குகளின் சூடு சாமானியமானதல்ல. ஒரு பெண்ணை மணிக்கணக்கில் அதன் கீழே நிறுத்தி இத்தனை சோதனையும் செய்ய முடியுமா? சிலை வாய் திறந்து முணுமுணுக்காது, வியர்க்காது, "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொல்லாது. இவர் பாஷை தெரியாத மனுஷர். அது பேசவே பேசாத முகம். இருவருக்கும் பொருத்தம்தான்!

இதை நினைக்கும்போது எனக்கு ருஷ்யாவில் நடந்த ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. லெவ் குலேஷோவ் என்று ஒரு டைரக்டர். ருஷ்யப் புரட்சியை ஒட்டிய வருஷங்களில், ஒரு நடிகரின் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள், "ஆகா, என்ன பசி அந்தக் கண்ணில்!" என்றார்கள். அதே முகத்தோடு ஒரு சவப்பெட்டியை ஒட்டினார். "என்ன துக்கம்!" என்று உருகினார்கள். முகம் ஒன்றுதான், மாறவே இல்லை. அவருடைய சிஷ்யரும் பெரிய டைரக்டருமான புடோவ்கின் இதை எழுதி வைத்திருக்கிறார். படத்தைத் துண்டு துண்டாக ஒட்டுகிற சாமர்த்தியத்தில் இருக்கிறது சினிமா என்பது ருஷ்யர்களின் கட்சி.

நல்ல கட்சிதான். ஆனால் 'மீரா'வைப் பார்த்த பிறகு அதை முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எந்த முகத்தையும் எதோடும் ஒட்டலாம் என்றால், ஒரு முகத்துக்காகச் சாந்துச் சிலை செய்து இத்தனை பாடுபடுவானேன்?

ஒட்டுகிற சாமர்த்தியத்திலும் டங்கன் சளைத்தவரல்லர். படத்தின் ஆரம்பத்தில் மீரா சிறு குழந்தை. சதாசிவத்தின் மகள் ராதா அந்த வேஷத்தில் நடித்தாள். குழந்தைக் கண்ணனாகக் குமாரி கமலா. குழந்தை மீரா கிருஷ்ண விக்கிரகத்தின் முன்னால் பாடுகிறாள். பாட்டு நடக்கிறது, வருஷங்கள் ஓடுகின்றன, அந்தப் பாட்டுக்குள்ளேயே குழந்தை மறைந்து எம். எஸ். வந்து நிற்கிறார். நாடகமாக இருந்தால் திரையை இறக்கி, "பத்து வருஷம் கழிந்தது" என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். இங்கே கண்ணனின் எதிரிலேயே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தை குமரியாகிவிடுகிறாள். பெண் குழந்தையை வளர்த்தவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைக்காமல் இராது. நேற்று வரை பாவாடையைத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது, இன்று வாசலில் நிற்கிறதே என்று நமக்கும் ஒரு நாள் அப்படித்தானே திடீரென்று தெரிகிறது?

உதயபூர், சித்தூர், துவாரகை, பிருந்தாவனம் என்று மீரா வாழ்ந்து நடந்த இடங்களுக்கே காமிராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். ராணாவாக நாகையா. சங்கீதம் எஸ். வி. வெங்கட்ராமன். கல்கி எழுதி, எம். எஸ். பாடிய அந்தப் பாட்டை நான் பெயர் சொல்லத் தேவையில்லை. இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் வாய் அதை முணுமுணுத்திருக்கும். 1947-ல் ஹிந்தியிலும் வந்தது. அதில் கவிக்குயில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி, வடநாட்டாருக்கு எம். எஸ்ஸை அறிமுகம் செய்துவைத்தார். மதுரைப் பெண்ணின் புகழ் தேசமெங்கும் பரவ அது ஒரு வாசல். எம். எஸ். நடித்த கடைசிப் படமும் 'மீரா'தான். அதன் பிறகு அவர் கச்சேரி மேடையை விட்டுச் சினிமா பக்கம் திரும்பவில்லை.

டங்கன் பிறகு சேலத்துக்குப் போனார். மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்துக்காக 'பொன்முடி' எடுத்தார். பாரதிதாசனின் காவியம் ஒன்றை ஆதாரமாகக் கொண்ட கதை. கதாநாயகன் பி. வி. நரசிம்ம பாரதி, நம் மதுரைக்காரர். கதாநாயகி மாதுரி தேவி. 1950-ல் படம் வந்தவுடன் பத்திரிகைகளில் ஒரே கூச்சல். காதல் காட்சிகளில் நெருக்கம் அதிகமாம். வெள்ளைக்காரர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறாராம். அப்பத்தாவைக் கேட்டேன். "அந்தப் படத்துக்கு என்னைய எங்கே விட்டாக?" என்றாள், இன்னும் தீராத கோபத்தோடு. டங்கன்மேல் முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. முழுக்க விடவும் முடியாது. வேற்றூர்க்காரர் கண்ணுக்கு முகம் தெரியும். வெட்கம் எங்கே தொடங்குகிறது என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

அதே வருஷம் 'மந்திரி குமாரி'. வசனம் மு. கருணாநிதி. குண்டலகேசியில் வரும் கதை. மலை உச்சிக்கு அழைத்துப் போய்த் தன்னைக் கொல்லப் பார்க்கும் கணவனை, வலம் வருகிறேன் என்று சுற்றி வந்து மனைவியே தள்ளிவிடுகிறாளே, அந்தப் படம். இதை அப்பத்தா பார்த்திருக்கிறாள். "தள்ளினா பாரு!" என்று இன்றைக்கும் கையை வீசிக் காட்டுகிறாள். ஆனால் அந்தப் படம் முடிவதற்கு முன்பே டங்கன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். மிச்சத்தை சுந்தரம் முடித்தார். விளம்பரத்தில் இருவர் பெயரும் இருந்தது.

ஊர் திரும்பிய டங்கன், மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியேறினார். சாதாரணமாக விவரணப் படங்களும் தொழிற்சாலைகளுக்கான படங்களும் எடுத்துக் காலம் தள்ளினார். எம். ஜி. ஆருக்கு முதல் வேஷம் கொடுத்தவர், எம். எஸ்ஸை மீராவாக்கியவர் தங்கள் தெருவில் குடியிருக்கிறார் என்று அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1990-களில் ஒரு முறை சென்னைக்கு வந்தார். சினிமா உலகம் மாலை போட்டு உபசரித்தது. 2001-ல் தம் சுயசரிதம் வெளிவந்த அந்த வருஷமே, டிசம்பர் முதல் தேதி, தொண்ணூற்றிரண்டாவது வயதில் காலமானார்.

இதையெல்லாம் அன்று சாயந்திரம் அப்பத்தாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"எனக்கு மட்டும் இன்னைக்கு என்னத்தா கேட்டுச்சு?" என்றாள்.

பிறகு தாளை மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் குழந்தை பெரியவளாகிற இடத்தை மறுபடியும் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டாள். போட்டேன். குழந்தை விழித்திருந்ததால் சத்தத்தையும் கூட்டி வைத்தேன்; எனக்காகத்தான்.